எண்ணெய்த் தாங்கிக்குள் நான் சொன்ன இரகசியம்

எங்கள் கந்தோரின் வருடாந்தச் சுற்றுலா எப்போதும் நுவரெலியாவுக்குத்தான். திருகோணமலை வெயிலில் வருடம் முழுக்க வேகிறவர்களுக்கு ஸ்வெட்டர் போட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டாமா? ஆனால் நாடே பெற்றோல் வரிசையில் நின்ற அந்த வருடம் பஸ் கிடைக்கவில்லை. கடைசியாக ஒருவர் சம்மதித்தார். டீசலை மட்டும் நாங்களே கொண்டுவர வேண்டும் என்றார். டீசல் இருந்தால் நாங்கள் ஏன் அவரைத் தேடிப் போகிறோம்?

சுற்றுலா இல்லை என்றதும் எங்கள் ஸ்டோர் கீப்பருக்கு முகம் செத்துப்போனது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். களஞ்சியத்தில் கடதாசியும் மையும் கொடுப்பது அவருடைய வேலை என்றால், சுற்றுலா ஒழுங்குபடுத்துவது அவருடைய வாழ்க்கை. யார் யன்னலோரம் இருப்பது, யாருக்கு வாந்தி வரும், எந்த வளைவில் பாட்டைத் தொடங்குவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு நாள் பேசாமல் திரிந்தார். மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் எழும்பி நின்றார்.

"வெளியூர்ச் சனமெல்லாம் எங்கட ஊரைப் பாக்க வருது. நாங்கள் என்னத்தைப் பாத்தனாங்கள்? அந்த எண்ணெய்த் தாங்கியளை ஆராவது கிட்டப் போய்ப் பாத்தனீங்களோ?"

ஒருவரும் பார்த்ததில்லை. சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவைத்துவிட்டுப் போன பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பேப்பரில் படித்தோம், அதைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்தோம். இவ்வளவு தாங்கி உள்ள ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றப் பெற்றோல் இல்லையே என்று அந்த மாதம் தினமும் ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம்.

"போறது சரி அண்ணை, என்னத்தில போறது?" என்று கேட்டேன்.

"சைக்கிளில."

எல்லோரும் எங்கள் மேலதிகாரியை, 'சேர்' என்று நாங்கள் கூப்பிடுகிறவரை, பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கமாட்டார். குவார்ட்டர்ஸிலிருந்து கந்தோருக்கு நடந்துதான் வருவார். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல யோசனை, நானும் வாறன்" என்றார். சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கிற ஆளின் குரலில் அதைச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. சைக்கிளில் ஏறி இருபது வருடம் இருக்கும். லிங்கநகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளை இரவல் வாங்கினேன். ரோஸ் நிறம். முன்னால் பூப்போட்ட கூடை, கைபிடியில் தொங்கும் நாடாக்கள். ஒழுங்கைக்குள் மூன்று தரம் ஓடிப் பார்த்தேன். பிறேக்கைத் தவிர மற்ற எல்லாம் ஞாபகம் வந்தது. பிறேக் ஞாபகம் வருவதற்குள் முன்வீட்டுப் படலை வந்துவிட்டது. என் கணவர் ஸ்கூட்டரோடு பெற்றோல் வரிசையில் இருந்தபடியால் அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அது அவருக்கு நட்டம்.

மூன்று கிழமை கழித்து, சனிக்கிழமை காலையில் கந்தோர் வாசலில் பதினொரு பேர் சேர்ந்தோம். ஸ்டோர் கீப்பரின் கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல், கரியரில் முதலுதவிப் பெட்டி, சட்டைப்பையில் தாங்கிகளைப் பார்ப்பதற்கான அனுமதிக் கடிதம் மூன்று பிரதி. ஒரே வரிசையில் போக வேண்டும், சேரை ஒருவரும் முந்தக்கூடாது என்று சட்டம் சொன்னார்.

சேர் புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, ஒரு காலைப் படியில் ஊன்றி, மற்றக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஏறியதும் போய்விட்டார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறினதுபோல நேர்ப் போக்கு. தலை இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. கடற்கரைப் பக்கம் ஊர்மான்கள் வழமைபோல நடுரோட்டில் படுத்துக் கிடந்தன. நாங்கள் எல்லோரும் வளைத்து வளைத்துப் போனோம். சேர் வளைக்கவில்லை. மணியை அடித்துக்கொண்டு நேரே போனார். கொம்பு வைத்த ஒரு பெரிய மான் எழும்பி வழிவிட்டது.

"பாத்தீங்களோ, மானும் மரியாதை குடுக்குது" என்றார் ஸ்டோர் கீப்பர்.

முதல் தரிப்பு உட்துறைமுக வீதியில். விசில் ஊதினதும் எல்லோரும் இறங்கினோம். சேர் மட்டும் எங்களைக் கடந்து போய், வளைந்து திரும்பி, கடலோரக் கட்டைச் சுவருக்குக் கிட்ட வந்து அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே இருந்தார்.

"சேர், இறங்கேல்லையோ?"

"இல்லை, இப்பிடியே நல்லாத் தெரியுது."

குதிரையில் இருக்கும் சிலைபோல அவர் இருக்க, ஸ்டோர் கீப்பர் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி விளக்கம் கொடுத்தார். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் அது அடிக்குப் போய்ச் சேர ஒரு கிழமை எடுக்குமாம். ஒருவரும் மறுக்கவில்லை. போட்டுப் பார்த்தவர்கள் யார்?

இரண்டாவது தரிப்பில் சேர் ஒரு லைற் போஸ்டைக் கட்டிப்பிடித்தார். மூன்றாவதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கண்டி வீதியில் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் சுவரும் இல்லை, போஸ்டும் இல்லை. டீசலுக்கு வரிசையில் நின்ற ஒரு லொறியின் பின்கதவைச் சேர் பிடித்துக்கொண்டார். நாங்கள் போத்தலைத் திறப்பதற்குள் அன்றைய அதிசயமாக வரிசை முன்னே நகர்ந்தது. லொறி போனது. லொறியோடு சேரும் போனார். கொஞ்சத் தூரம் போய் லொறி நின்றதும், அவரும் நின்று, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

சீனக்குடாச் சந்தியில் என் சிநேகிதி காத்துக்கொண்டிருந்தார். கிண்ணியாக்காரி. கந்தோரில் பதினைந்து வருடமாக என் பக்கத்து மேசை. என் வீட்டுக் குசினியில் என்ன கருகினது என்பது என் கணவருக்கு முன்னமே அவருக்குத் தெரியும். கிண்ணியாப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். காலடியில் சோற்றுப் பார்சல்கள், இரண்டு சட்டித் தயிர், ஒரு பெரிய பிளாஸ்டிக் கான்.

"வாங்க வாங்க, உங்கட சைக்கிள் வடிவாரிக்கி மிஸ்! நீங்க எந்த வகுப்பு?" என்று என் பூக்கூடையைத் தொட்டுப் பார்த்தார். சாமான்களை அதற்குள் வைத்தோம். அங்கிருந்து காட்டுப் பாதை என்றபடியால் எல்லோரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். சேர் சைக்கிளைப் பாதையோர மரத்தில் சாய்த்து, மரத்தைப் பிடித்தபடி ஒருமாதிரி வழுக்கி இறங்கினதை நான் கடைக்கண்ணால் பார்த்துவிட்டேன்.

படலையில் ஒரு சிங்களக் காவலாளி இருந்தார். நாங்கள் வாய் திறக்க முதல், "பெற்றோல் இல்லே, போங்க" என்றார்.

ஸ்டோர் கீப்பர் கடிதத்தை நீட்டினார். காவலாளி வாசித்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு என் கூடையைப் பார்த்தார்.

"கான் இருக்கு. ஏன் கான்?"

"அது சர்பத்து" என்றார் சிநேகிதி.

"எல்லாரும் கான் கொண்டு வாறது. தாங்கி பார்க்க எண்டு சொல்றது. பிறகு பெற்றோல் கேட்கிறது."

சிநேகிதி கானைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அவர் மணந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், முழுவதும் குடித்தார். பிறகு படலையைத் திறந்து, தானே முன்னால் நடந்தார்.

பற்றைக்காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் கண்ணுக்கு முன்னால் ஒரு இரும்புச் சுவர் எழும்பி நின்றது. அது வளைந்து வளைந்து போய் மரங்களுக்குள் மறைந்தது. சுவர் முழுக்கச் செங்கல் நிறத் துரு. மேலே கொடிகள் தொங்கின. நான் மனதில் வைத்திருந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி கொஞ்சம் கொழுத்ததுபோல ஒன்றை. இது எங்கள் கந்தோர் மாடியோடு சேர்த்து உள்ளே வைக்கக்கூடிய சாமான். யுத்தக் காலத்தில் இப்படி ஒரு தாங்கியில் யப்பான்காரனின் விமானம் வந்து விழுந்து எரிந்த கதையை ஸ்டோர் கீப்பர் தொடங்கினார். எத்தனை நாள் எரிந்தது என்பதில் அவருக்கும் எனக்கும் சரிவரவில்லை. காவலாளியைக் கேட்டோம். "நான் அந்த நேரம் டியூட்டி இல்லே" என்றார்.

தாங்கியின் அடியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் சால்வை முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டு நான் கடைசி ஆளாக நுழைந்தேன். மற்றவர்கள் நுழையும்போது காவலாளி சொன்ன எச்சரிக்கை அதனால் எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே இருட்டு. கூரையின் துருவோட்டைகளால் ஊசி ஊசியாக வெயில் விழுந்தது. பழைய எண்ணெயும் மண்ணும் கலந்த மணம். எல்லோரும் சுவரோரமாகச் சத்தமில்லாமல் நின்றார்கள். இவ்வளவு பெரிய சாமானைக் கண்டு வாயடைத்துப்போனார்கள் என்று நினைத்தேன். சேர் எதிர்ப்பக்கத்தில் தூரத்தில், ஒரு நிழல்போலத் தெரிந்தார். நான் சிநேகிதியின் கையைப் பிடித்து இழுத்து அவருடைய காதுக்குள் சொன்னேன்:

"கவனிச்சனீங்களோ? சேருக்குச் சைக்கிளால இறங்கத் தெரியாது. யாழ்ப்பாணத்து மனுசன் சைக்கிள் தெரியாமல் எப்பிடி வளந்தவர்?"

தாங்கி அதை வாங்கிக்கொண்டது. முதலில் என் இடப்பக்கம் போனது. சுவரோடு சுவராக உருண்டு சேர் நின்ற பக்கம் போய், அங்கே கொஞ்சம் நின்று, வலப்பக்கத்தால் திரும்பி வந்தது. என்னுடைய குரல்தான். ஆனால் ரயில் நிலையத்தில் அறிவித்தல் சொல்கிற பெண்ணின் கம்பீரம் அதற்கு வந்திருந்தது. "இறங்கத் தெரியாது... தெரியாது... தெரியாது..." அது முடிய முதல் அடுத்த வசனம் பின்னால் வந்தது. "எப்பிடி வளந்தவர்... வளந்தவர்... வளந்தவர்..." இரண்டும் நடுவில் சந்தித்துக் கலந்து மேலே போய்க் கூரையில் ஒருதரம் முட்டின.

எல்லோரும் தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். பதினைந்து வருடச் சிநேகிதி என் கையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னார். அதுவும் சுற்றிவந்தது.

என் வருடாந்த மதிப்பீட்டுப் படிவம் அந்தக் கிழமைதான் சேரின் மேசைக்குப் போயிருந்தது. வெளியே ஓடலாம் என்று திரும்பினால், ஓட்டையை மறைத்துக்கொண்டு காவலாளியின் தலை சிரித்துக்கொண்டிருந்தது.

சேர் செருமினார். செருமலும் ஒரு சுற்றுப் போய் வந்தது. பிறகு அவர் சொன்னார்:

"பின் கரியரில."

தாங்கி அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பின் கரியரிலதான் வளந்தனான். எனக்கு மூத்தது மூண்டு அண்ணன்மார். பள்ளிக்கூடத்துக்கு மூத்தவர் ஏத்திக்கொண்டு போவார். அவர் கம்பசுக்குப் போக ரெண்டாமவர். பிறகு மூண்டாமவர். அவர் போக எனக்கும் கம்பஸ் கிடைச்சிட்டுது. பிறகு பஸ், பிறகு கந்தோர் வாகனம். உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்தில அதை ஆர் கேப்பினம்?"

ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் தாங்கி தன் பங்குக்கு ஒருதரம் சொன்னது.

"அண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு அண்டு பின்னேரமே சைக்கிள் வாங்கினனான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால மனுசி கரியரைப் பிடிக்க மூண்டு கிழமை பழகினனான். ஏறப் பழகியிட்டன். ஓடப் பழகியிட்டன். இறங்கிறது அடுத்த பாடம். அதுக்கிடையில சனிக்கிழமை வந்திட்டுது."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. சின்ன மனிதர், பெரிய சிரிப்பு. அது சுற்றி வந்து எங்களிலும் தொற்றியது. பன்னிரண்டு பேர் சிரித்தது ஒரு தேர்த்திருவிழாக் கூட்டம் சிரித்ததுபோல இருந்தது. நிறுத்தினால் தாங்கி சிரித்தது, அதைக் கேட்டு நாங்கள் மறுபடியும் சிரித்தோம். சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டார்.

பிறகு அந்த இடத்தை விட்டு ஒருவருக்கும் வெளியே வர மனமில்லை. ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டு பாடினார். பஸ்ஸில் அவர் பாட்டைத் தொடங்கினால் நித்திரைபோல நடிப்பவர்கள் நாங்கள். அன்றைக்குத் தாங்கி அவருடைய பிழையான சுருதியை எல்லாம் விழுங்கிவிட்டு, நல்லதை மட்டும் திருப்பிக் கொடுத்தது. பாடி முடித்தவர் இருட்டைப் பார்த்து, "இது நான்தானோ?" என்று கேட்டார்.

வெளியே மர நிழலில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தோம். பொரித்த மீனும் கத்தரிக்காயும். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, விழாது பாருங்கள் என்று சிநேகிதி காட்டினார். விழவில்லை. காவலாளி இரண்டாம் தரம் தயிர் வாங்கிக்கொண்டு, பின்னேரம்வரை இருங்கள், குரங்கு வரும் என்றார்.

திரும்பும்போது சிநேகிதி சந்தியில் பஸ் ஏறினார். அங்கிருந்து நகரத்தை நோக்கி ஒரு மைல் போயிருக்கமாட்டோம், என் முன்சில்லில் காற்றுப் போய்விட்டது. முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை. என் பின்னால் வந்த சேர் மட்டும் ஒரு பஸ் தரிப்பிடக் கம்பத்தைப் பிடித்து நின்றார். ஒளிக்க இனி ஒன்றும் இல்லாதபடியால் கம்பத்தோடு வழுக்கி இறங்கி, "நடப்பம். எனக்கும் நடக்கிறதுதான் சுகம்" என்றார்.

இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும், "சேர், நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு மிஸ். காலமை முதல் நிண்ட இடத்தில கப்பல் ஏதும் நிண்டதோ?"

"ஓம் சேர், பெரிய கப்பல். சிவப்பு."

"நான் காணேல்லை. நான் சுவரை மட்டும்தான் பாத்துக்கொண்டு வந்தனான். எங்க சுவர் வரும், எங்க போஸ்ட் வரும் எண்டு. இவ்வளவு தூரம் வந்தும் இந்த ஊரில நான் ஒண்டும் காணேல்லை."

மரங்கள் விலகின இடத்தில் குடாத் தண்ணீர் தெரிந்தது. அந்தப் பக்கம் மாவாலையின் வெள்ளைக் கோபுரங்கள், அதன் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கப்பல். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். நாங்கள் சாப்பிடுகிற பாணுக்கு மா அங்கேதான் அரைபடுகிறது என்றேன். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மகாவலி எங்கே கடலில் விழுகிறது என்று கேட்டார். கையை நீட்டி மூதூர்ப் பக்கம் காட்டினேன். அதையாவது கிட்டப் போய்ப் பார்த்தீர்களா என்றார். அதுவும் இல்லை. ஐம்பத்துநான்கு வருடத்துக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இருவரும் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, அந்தக் கப்பலை வேண்டிய அளவு பார்த்தோம்.

ஒரு சின்னக் கடையில் ஒட்டுப் போடுகிறவர் இருந்தார். டயரைக் கழற்றிக்கொண்டே சேர் கதைக்கிற விதத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஐயா யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"அங்க பிள்ளையள் பிறக்கேக்கையே சைக்கிளோடதான் பிறக்குமெண்டு சொல்லுவாங்கள்."

சேர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஓம், அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் சேர்.

கடையின் எண்ணெய்ப் பீப்பாவில் காலை ஊன்றிச் சேர் ஏறினார். நகரம்வரை நான் பின்னால் போனேன். இந்தமுறை அவருடைய தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, பிறகு வலப்பக்கம். திரும்பிய பக்கத்துக்குச் சைக்கிளும் கொஞ்சம் போனது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் போனார்.

கந்தோர் வாசலில் மற்றவர்கள் எங்களைத் தேடி ஆள் அனுப்புவதா என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். சேர் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. முற்றத்துக்கு நடுவே வந்து பிறேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலைத் தரையில் வைத்தார். சைக்கிள் நிற்கச் சம்மதிக்கவில்லை. அதோடு சேர்ந்து தத்தித் தத்தி ஐந்தாறு அடி வைத்து, பூச்சாடிகளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். இரண்டு காலும் நிலத்தில். ஒருவரும் கைதட்டவில்லை, மேலதிகாரி அல்லவா. ஸ்டோர் கீப்பர் மட்டும் பட்டியலில் ஏதோ பெரிதாக எழுதினார்.

திங்கட்கிழமை எங்களில் ஒருவராலும் நிமிர்ந்து நடக்க ஏலவில்லை. மாடிப்படியை எல்லோரும் நண்டுபோலப் பக்கவாட்டில்தான் இறங்கினோம். சேரும் அப்படித்தான், கைபிடியைப் பிடித்துக்கொண்டு. பைலோடு வந்து வாங்குப் பலகையில் காத்திருந்த ஒரு வயதானவர், எங்கள் ஊர்வலத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்:

"என்ன மிஸ், கந்தோர் முழுக்கச் சிக்குன்குனியாவோ?"